மூன்று காளியம்மாவுக்கு ஒரு வீடு

தன்னையே யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதாகப் புகார் கொடுக்க வந்த ஆளை உடையப்பன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

மணி ஒன்பதரை. ஈப்போவில் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் பியாட்ரிஸின் துப்பறியும் அலுவலகம். இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள் பியாட்ரிஸ். உயிரோடு இருந்த பதினோரு "இறந்தவர்களை" அவள் கண்டுபிடித்திருக்கிறாள் என்பது உடையப்பன் எல்லாரிடமும் சொல்லும் கணக்கு. அவன் முன்னாள் லாரி டிரைவர். இப்போது அவளுக்குக் காடி ஓட்டுவது, பால் ஊற்றாத தே ஓ வாங்கி வருவது, யாரும் கேட்காத கருத்தைச் சொல்வது ஆகிய மூன்று பொறுப்புகளையும் ஒரே சம்பளத்தில் பார்க்கிறான்.

வந்தவள் பெயர் காளியம்மா. ஐம்பத்தெட்டு வயது. ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை.

"என் பேர்ல இன்னொருத்தி இருக்கா மேடம். எங்க தோட்டத்துல மூணாம் டிவிஷன்காரி. என் வீட்ட அவ எடுத்துக்கிட்டா."

"பேர மட்டும் எடுத்தாளா, வயசையும் சேத்து எடுத்துக்கிட்டாளா?" என்றான் உடையப்பன். "வயசையும் எடுத்திருந்தா உங்களுக்கு லாபம்தானே லா."

பியாட்ரிஸ் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தே ஓவைக் கலக்கத் தொடங்கினான்.

காளியம்மா அழாமல் ஒழுங்காகச் சொன்னாள். செமோருக்கு அந்தப் பக்கம் கிரேன்மோர் தோட்டம், மூன்று டிவிஷனாகப் பிரித்த ரப்பர்த் தோட்டம். 2003இல் ஒரு மேம்பாட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். ரப்பர் மரம் போனது, குடியிருந்த லயம் போனது. தோட்டத்தில் இருந்த தொண்ணூற்றாறு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு வீடு என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்து காய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போதுதான் தொண்ணூற்றாறு வீடும் வரிசையாக எழும்பி நிற்கிறது. யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் இன்றைக்குத்தான், செமோர் மண்டபத்தில், மூன்று மணிக்கு. அதில் பெயர் இல்லாதவருக்கு இனி எப்போதும் இல்லை.

போன வாரம் தோட்டத்து நடவடிக்கைக் குழு பட்டியலை ஒட்டியது. அதில் தொண்ணூற்றொரு குடும்பம்தான். காளியம்மா என்று ஒரே ஒரு பெயர், மூன்றாம் டிவிஷனில். ஒன்றாம் டிவிஷன் காளியம்மாவான இவளைக் காணோம். இரண்டாம் டிவிஷன் காளியம்மாவையும் காணோம். இவள் ஏற்கெனவே போலீசுக்குப் போய்விட்டு, "உங்க பேர்ல நீங்களே புகார் கொடுக்கிறீங்களா" என்று கேட்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"நேத்து சந்தையில அந்த மூணாம் டிவிஷன்காரியப் பாத்தேன்," என்றாள் காளியம்மா. "எல்லார் முன்னாலயும் திருடின்னு சொல்லிட்டேன். மேடம், நாங்க ஏழு பேரு ரெண்டு ரூம் ஃபிளாட்டுல இருக்கோம். நான் ஹால்ல, ஃபிரிஜ் பக்கத்துல படுக்கிறேன். என் பேர்ல ஒரு கதவு வேணும். வேற ஒன்னும் வேணாம்."

உடையப்பனுக்கு வாயில் வந்த பகடி அப்படியே உள்ளே போய்விட்டது. காடிச் சாவியை எடுத்தான்.

நடவடிக்கைக் குழுத் தலைவர் ஜெயபாலனின் வீடு செமோரில். இருபது வருஷத்தில் அந்தக் குழு எடுத்த ஒரே நடவடிக்கை, தன் பெயர்ப்பலகைக்கு அவ்வப்போது புதுச் சாயம் அடித்ததுதான். தலைவருக்கு விழாக்களில் போர்த்திய பொன்னாடைகள் ஒரு கண்ணாடி அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அலமாரி நிறைந்துபோய் மிச்சம் சோபாவின் மேல் கிடந்தது. காளியம்மா அதில் உட்காராமல் வாசல் பக்கமே நின்றுகொண்டாள்.

தலைவர் அவர்களைக் கணினி முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். குடும்பத்துக்கு ஒரு ஃபைல் என்று தோட்டத்துப் பதிவெல்லாம் பழைய எக்செல்லில் இருந்ததாம். நிறுவனத்தின் புது சிஸ்டம் பழைய வகை ஃபைலைத் தொட மாட்டேன் என்றதாம். மற்ற தோட்டங்களில் ஆளைப் பிடித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க, இவர் இண்டர்நெட்டில் ஒரு மென்பொருளை இறக்கி எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட்டாராம்.

"தொண்ணூத்தாறு ஃபைலு. ஒரே கிளிக்கு," என்றார் தலைவர். "வேற ஆளா இருந்தா ஒரு வாரம் உக்காந்திருப்பான்."

"உள்ள போனது தொண்ணூத்தாறு. வெளிய வந்தது தொண்ணூத்தொன்னு?" என்று கேட்டாள் பியாட்ரிஸ்.

"அஞ்சு குடும்பம் போலி. கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுத் தூக்கிருச்சு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மிஸ்."

"என் கம்ப்யூட்டருக்கு என் பாஸ்வேர்டே பிடிபட மாட்டேங்குது தலைவரே," என்றான் உடையப்பன். "உங்களுது போலிக் குடும்பத்தையே மோப்பம் பிடிக்குதா."

தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

பியாட்ரிஸ் வாசலில் நின்ற காளியம்மாவிடம் காணாமல் போன ஐந்து பேரையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். காளியம்மா இரண்டு பேர், ஒரு முனியாண்டி, ஒரு ராஜு, ஒரு மாரியாயி. ஐந்து பேரும் ஒன்றாம் டிவிஷன் அல்லது இரண்டாம் டிவிஷன். மூன்றாம் டிவிஷனில் ஒருத்தர்கூடப் போலி இல்லையா என்று அவள் கேட்டதற்கு, தம்முடையது ஒழுக்கமான டிவிஷன் என்று தலைவர் பதில் சொன்னார். அவரும் மூன்றாம் டிவிஷன்தான் என்பதைக் காளியம்மா வாசலிலிருந்தே சேர்த்துக்கொண்டாள்.

பழைய ஃபைல்களைப் பார்க்கலாமா என்றதும் தலைவர் கையை விரித்தார். அழித்துவிட்டாராம். பழசை வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்குப் பாரமாம். முதலில் அதையெல்லாம் அடித்துக் கொடுத்தது யார் என்று பியாட்ரிஸ் கேட்டபோது அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஞாபகமில்லை, அந்த ஆள் இப்போது இருக்கிறாரோ இல்லையோ என்று இழுத்தார்.

"நம்ம லியோனார்ட் கிராணிதானே," என்று சமையலறையிலிருந்து தலைவரின் மனைவி குரல் கொடுத்தாள். "கோலா கங்சார்ல நல்லா இருக்காரே. போன மாசம்கூட நீங்க போன்ல பேசினீங்க."

தலைவர் சமையலறைப் பக்கம் பார்த்த பார்வையை வைத்தே உடையப்பன் அடுத்த வழி எது என்று முடிவு செய்துவிட்டான். பியாட்ரிஸ் ஏறுவதற்குள் காடி ஸ்டார்ட் ஆகியிருந்தது.

கிரேன்மோர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கடைசிக் கிராணி லியோனார்ட். எழுபத்தாறு வயதிலும், கோலா கங்சார் வீட்டில்கூட, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகியிருந்தார். அவருடைய லேப்டாப்புக்கு வயது இருபதுக்குப் பக்கம். மூடி பிய்ந்து வராமலிருக்கப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதைத் திறக்க மட்டும் ஆறு நிமிஷம் பிடித்தது. அதற்குள் அவர் மூன்று பேருக்கும் பிஸ்கட் வைத்து, காளியம்மாவை அடையாளம் கண்டு, அவள் அப்பா ஐயாவு ரப்பர்ப் பால்வெட்டுக்கு எந்த நாளில் லேட்டாக வருவார் என்றுகூடச் சொல்லிவிட்டார். காளியம்மா அவர் முன்னால் நாற்காலியில் உட்கார மறுத்து, மூன்று தரம் சொன்ன பிறகு ஓரமாக உட்கார்ந்தாள்.

திரையில் மூன்று ஃபோல்டர். ஒன்றாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன். முதலாவதைத் திறந்தார். காளியம்மா. இரண்டாவது. காளியம்மா. மூன்றாவதிலும் ஒரு காளியம்மா. முனியாண்டி இரண்டு ஃபோல்டரில், ராஜு இரண்டில், மாரியாயி இரண்டில்.

"ஆபீஸ் இரும்பு அலமாரியில மூணு டிராயர்," என்றார் லியோனார்ட். "டிவிஷனுக்கு ஒன்னு. அதே மாதிரிதான் கம்ப்யூட்டர்லயும் வச்சேன். ஒரு டிராயருக்குள்ள ஒரே பேர்ல ரெண்டு பேர் கிடையாது. அப்புறம் எதுக்கு ஃபைல் மேல அப்பா பேரெல்லாம்? உள்ள இருக்கு, எல்லாம் இருக்கு."

"ஏன் அங்கிள் இத்தனை காளியம்மா?" என்றான் உடையப்பன்.

"தோட்டத்துல காளியம்மன் கோவில்தானே. திருவிழா வாரத்துல பொண்ணு பொறந்தா வேற பேர் வைக்கமாட்டாங்க. டிவிஷனுக்கு ஒன்னு பொறந்தா நான் என்ன செய்ய முடியும்?"

பியாட்ரிஸ் பிஸ்கட் தட்டைத் தள்ளிவைத்தாள். உடையப்பனுக்குத் தெரியும், அவள் தட்டைத் தள்ளினால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

"திருட்டே நடக்கல," என்றாள் அவள். "தலைவரு மாத்துன ஃபைல் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டுட்டாரு. மூணு டிராயரையும் ஒரே டிராயர்ல கொட்டுன மாதிரி. மொதல்ல ஒன்னாம் டிவிஷன் காளியம்மா வந்து உக்காந்தாங்க. அப்புறம் அதே பேர்ல ரெண்டாம் டிவிஷன் வந்துச்சு, மொத ஆள அழிச்சிட்டு அந்த இடத்துல உக்காந்துச்சு. கடைசியா மூணாம் டிவிஷன் வந்து அதையும் அழிச்சிருச்சு. அதனாலதான் மூணாம் டிவிஷன்ல யாரும் காணாமப் போகல. அவங்கதான் கடைசியா வந்தவங்க."

"அப்ப அவ திருடல," என்றாள் காளியம்மா. சந்தையில் எத்தனை பேர் முன்னால் கத்தினோம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. உடையப்பனுக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதோடு கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

"அப்போ வில்லனே கிடையாதா?" என்று முனகினான். "இவ்வளவு தூரம் காடி ஓட்டிட்டு வந்தது ஒரு முட்டாளைக் கண்டுபிடிக்கவா? அது செமோர்லயே இருந்துச்சே."

தண்ணீர் குடிக்கலாம் என்று ஃபிரிஜ் பக்கம் போனான். கதவில் காந்தத்துக்கு அடியில் தங்கச் சரிகை அச்சடித்த ஒரு அழைப்பிதழ். அழைப்பிதழ் எங்கே கிடைத்தாலும் சாப்பாடு சைவமா அசைவமா என்று பார்க்காமல் உடையப்பனால் தாண்டிப் போக முடியாது. இது சைவம்தான், ஆனால் பாயசம் உண்டு. வரப்போகும் மாதத்தில் பால் காய்ச்சிப் புதுவீடு புகும் விழா. அழைப்பவர் விக்னேஸ்வரன் குடும்பத்தார். இடம், கிரேன்மோர் புதுக் குடியிருப்பு, மனை எண் 96, கார்னர் லாட். கார்னர் லாட் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பாயசத்திலிருந்து அவன் கண் மறுபடியும் எண்ணுக்குப் போனது.

"அக்கா," என்று பியாட்ரிஸைக் கூப்பிட்டான். "குலுக்கல் மூணு மணிக்குத்தானே?"

"ஆமா."

"இன்னும் நடக்கலதானே?"

பியாட்ரிஸ் எழுந்து வந்து அட்டையை வாங்கினாள். இரண்டு தரம் படித்தாள். இது எப்போது வந்தது என்று லியோனார்டைக் கேட்டாள். மூன்று வாரம் இருக்கும், தபாலில் வந்தது என்றார் அவர். விக்னேஸ்வரன் ஜெயபாலனின் மச்சான். ஈப்போவில் சோபா விற்கிறான். தோட்டத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை, ரப்பர் மரத்தைக் காலண்டரில் பார்த்திருந்தால் உண்டு. பட்டியல் ஒட்டியது போன வாரம். குலுக்கல் இன்றைக்கு. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு சோபா வியாபாரிக்குத் தன் வீட்டு எண் தெரிந்திருக்கிறது.

"பெட்டியில தொண்ணூத்தொரு சீட்டுதான் போடுவாங்க," என்றாள் பியாட்ரிஸ். "தொண்ணூத்திரண்டுலேருந்து தொண்ணூத்தாறு வரைக்கும் யார் கையிலயும் வராது. அஞ்சு வீடு மிஞ்சும். யாருக்குக் குடுக்கிறதுன்னு குழுவே முடிவு பண்ணும்."

லியோனார்ட் பேனாவைக் கழற்றி மறுபடியும் செருகினார். அவருக்கு ஏதோ ஞாபகம் வந்துகொண்டிருந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"போன மாசம் ஜெயபாலன் போன் பண்ணான்," என்றார். "தொண்ணூத்தொன்னுதான் வருது கிராணி ஐயா, என்னன்னு தெரியலன்னான். மூணு டிராயரையும் கலக்காதடா, ஆள முழுங்கிரும்னு சொன்னேன். சரி ஐயா, மாத்திடுறேன்னான்."

முட்டாள்தனமாகத் தொடங்கியதுதான். ஆனால் காரணம் தெரிந்த பிறகும் அப்படியே விட்டிருக்கிறார் தலைவர். உடையப்பன் பிஸ்கட் தட்டில் மிச்சமிருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கினான். லியோனார்ட் செருப்பைத் தேடினார்.

மண்டபத்தை அடைந்தபோது மூன்றடிக்க ஐந்து நிமிஷம். மேடையில் தலைவர் டிஜிட்டல் உருமாற்றத்தைப் பற்றி இருபது நிமிஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிறுவனத்து அதிகாரி, ஒரு மலாய்க்காரப் பெண்மணி, சீட்டுப் பெட்டியையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் பூப்போட்ட புது பாத்தேக் சட்டையில் விக்னேஸ்வரன்.

உடையப்பன் ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்தான். பியாட்ரிஸ் சண்டை போடவில்லை. கை தூக்கி அனுமதி கேட்டு, ஒரு நல்ல காரியத்துக்குச் சபையின் சார்பாக வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். பொன்னாடை ஏதோ வருகிறது என்று நினைத்துத் தலைவரே மைக்கைக் கொடுத்தார். அவள் அழைப்பிதழை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். முகூர்த்த நேரம், மதிய உணவு, பாயசம், எதையும் விடவில்லை. "மனை எண் தொண்ணூற்றாறு, கார்னர் லாட்," என்று முடித்து, அதையே மலாயில் அதிகாரிக்கும் சொன்னாள்.

பின்வரிசையில் யாரோ, "எந்தத் தொண்ணூத்தாறு? இன்னும் சீட்டே எடுக்கலையே," என்றார்கள்.

"அது அச்சுப் பிழை," என்றார் தலைவர்.

"பிழைதான் தலைவரே," என்றான் உடையப்பன். "மனசுல இருந்தத அப்படியே அச்சடிச்சிட்டாங்க."

அதிகாரி பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். தொண்ணூற்றொன்று. லியோனார்ட் தம்முடைய மூன்று ஃபோல்டரையும் திறந்து காட்டினார். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார், நம்பினார், அனுதாபப்பட்டார். அப்புறம் தம் சிஸ்டம் பழைய வகை ஃபைலை ஏற்காது என்றார். அதோடு சிஸ்டம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்குள் புது வகையில் ஏறுகிற பெயர்தான் குடும்பம், ஏறாத பெயர் குடும்பம் இல்லை.

தலைவர் முன்னால் வந்தார். "கவல வேணாம். நான் ஒரே கிளிக்குல—"

அதற்குமேல் அவரைப் பேச விடவில்லை. கூட்டமே எழுந்து நின்றது. கிளிக்கும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம், ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, ஆள் பேரைச் சத்தமாகச் சொல்லி, எல்லார் காதிலும் விழுந்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். தொண்ணூற்றாறு பெயர். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பியாட்ரிஸ், டிவிஷனுக்கு ஒரு தனி ஃபோல்டர் போட்டு, மூன்றாம் டிவிஷனிலிருந்து பின்னோக்கி வரச் சொன்னாள். கடைசியில் வந்து மற்றவர்களை அழித்தவர்கள் இந்தத் தடவை முதலில் போய் உட்காரட்டும் என்றாள்.

லியோனார்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பெயரைக் கூப்பிட்டார். ஒரு கிழவர் தன்னையறியாமல் எழுந்து, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, "இருக்கேன்யா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஆளெடுக்கும்போது இதே கிராணி இப்படித்தான் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. அந்தப் பெரட்டை அங்கே இருந்த ஒருத்தருக்கும் பிடித்ததில்லை. ஆனாலும் அடுத்த பெயருக்கும் ஆள் எழுந்து பதில் சொன்னது, அதற்கடுத்ததற்கும் சொன்னது.

"ஜெயபாலன்."

பதில் இல்லை. லியோனார்ட் சேமிக்கும் பொத்தானுக்கு மேல் விரலைத் தூக்கி வைத்தபடி காத்திருந்தார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. தலைவர் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்திருந்தார். அவருக்கும் நியாயமாக ஒரு வீடு உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. மறுக்காததுதான் அவரை அதிகம் வாட்டியது. "இருக்கேன்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். லியோனார்ட் மாற்றிச் சேமித்தார்.

நாலே முக்காலுக்கு, ஒன்றாம் டிவிஷனில் கடைசிப் பெயர் மட்டும் பாக்கி இருக்கையில், லேப்டாப் நின்றுபோனது. உடையப்பன் மண்டியிட்டு விக்னேஸ்வரனின் அழைப்பிதழால் அதற்கு விசிறினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குப் பகடி எதுவும் தோன்றவில்லை. ஏதாவது செய்து தொலை என்று அந்தப் பிளாஸ்டர் ஒட்டிய மூடியிடம் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான். நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரை மறுபடியும் அசைந்தது.

"ஒன்னாம் டிவிஷன்," என்றார் லியோனார்ட். "காளியம்மா. அப்பா ஐயாவு. நாலாம் லயம், ஏழாம் வீடு."

காளியம்மா எழுந்தாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை. முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். லியோனார்ட் விரலைக் கீழே வைக்கவில்லை. பதில் வராமல் அவர் என்றைக்கும் யாரையும் பதிந்ததில்லை.

மூன்றாம் டிவிஷன் காளியம்மா தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்தாள். நேற்று சந்தையில் இவளிடம் திருடி என்று பேச்சு வாங்கியவள்தான்.

"சொல்லுடி," என்றாள். "உன்னத்தான் கூப்பிடுறாரு."

"இருக்கேன்," என்றாள் காளியம்மா.

அதிகாரிக்குக் கேட்கவில்லை போலிருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தார். காளியம்மா நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள்.

"இருக்கேன்யா. நான் இங்கதான் இருக்கேன்."

லியோனார்ட் விரலைக் கீழே வைத்தார்.